பட்டியலில் இல்லாத பயோட்டின்

எனக்கு வாய் நீளம். வீட்டில் சொல்வார்கள், லேபிலும் சொல்வார்கள். இந்தக் கதையில் கெட்டது பாதி என் வாயால் நடந்தது என்பதால் இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

2011-ல் நான் சிதம்பரத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். வீடு கடலூர் முதுநகரில். காலை ஏழே காலுக்கு பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பது மணிக்குள் லேபில் இருக்கலாம். வழியில் பி.முட்லூரில் என் தோழி ஏறுவாள். பரங்கிப்பேட்டைக்காரி, எங்கள் லேபில் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட். அவளுக்காகப் பக்கத்து சீட்டில் என் பையை வைத்து, ஆலப்பாக்கத்திலிருந்தே ஒவ்வொருவரிடமும் ஆள் வருது, ஆள் வருது என்று மல்லுக்கட்டிக்கொண்டே வருவேன். ஏறி உட்கார்ந்ததும் அவள் செய்யும் முதல் வேலை என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்ப்பது. தவக்காலத்தில் எங்கள் வீட்டில் கறியும் கிடையாது, மீனும் கிடையாது. அந்த நாற்பது நாளும் மத்தியானம் அவள் வறுத்த சங்கராவை என் எதிரில் வைத்து ஒவ்வொரு முள்ளாக எடுத்துச் சாப்பிடுவாள். வேண்டுமென்றேதான்.

எங்கள் இருவருக்கும் ஒரே பாக்டீரியா. வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்துச் சேற்றிலிருந்து எடுத்தது, உப்பில் நன்றாக வாழும். சுனாமியில் கடல் தண்ணீர் புகுந்து உப்பேறிப் போன வயல்களில் அதை விட்டால் பயிருக்கு ஏதாவது உதவுமா என்று பார்ப்பதுதான் ப்ராஜெக்ட். அவள் அதை டியூபில் வளர்த்தாள். நான் கம்ப்யூட்டரில் வளர்த்தேன்.

கம்ப்யூட்டரில் எப்படி வளர்ப்பது என்று ஊரில் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள், எங்கள் பங்கு சாமியார் உட்பட. பெரிய மந்திரமெல்லாம் இல்லை. ஒரு பாக்டீரியாவுக்குள் சில நூறு வேதிவினைகள் நடக்கின்றன. சர்க்கரை உடைந்து இன்னொன்றாகிறது, அது மற்றொன்றாகிறது. ஒவ்வொரு வினையிலும் உள்ளே போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு என்று எழுதிக்கொள்ள வேண்டும். கடைசியில் ஒரு பட்டியல். ஒரு புது செல் உருவாக என்னென்ன சரக்கு, எந்த அளவில் வேண்டும் என்ற பட்டியல். இவ்வளவு புரதம், இவ்வளவு கொழுப்பு, இவ்வளவு டி.என்.ஏ. பிறகு கம்ப்யூட்டரிடம் கேட்க வேண்டும்: நான் கொடுக்கும் தீனியை வைத்து இந்தப் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் செய்ய முடியுமா? முடியும் என்றால் பாக்டீரியா வளரும். ஒன்றைச் செய்ய முடியாவிட்டாலும் வளர்ச்சி பூஜ்யம். இதற்குத்தான் மாடல் என்று பெயர். இரண்டு வருடம் உட்கார்ந்து நான் ஒருத்தியாகக் கட்டியது அது. அதைப் பற்றி எனக்கு ரொம்பவே கர்வம் இருந்தது.

அந்த வருடத்தை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது மின்வெட்டு. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் சில தடவை. டியூப்களை ஆட்டிக்கொண்டே இருக்கும் ஷேக்கர் கரண்ட் போனதும் நின்றுவிடும். ஆட்டம் நின்றால் பாக்டீரியா அடியில் போய்ப் படியும், காற்று போதாது, வளர்ச்சி தடுமாறும். அதனால் எங்கள் லேபில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒரு டியூப் வளராவிட்டால் முதலில் அன்றைக்குக் கரண்ட் போனதா என்று பார்ப்போம். போயிருந்தால் நோட்டில் அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்து, பக்கத்தில் ‘கரண்ட் கட்’ என்று எழுதிவிடுவோம். போகாத நாள் என்று ஒன்று இருந்தால்தானே! ஆக, வளராத டியூப் எல்லாம் கரண்ட் கட்டில் போய்ச் சேர்ந்தது. யாருக்கும் மனசாட்சி உறுத்தவில்லை.

அந்த ஜூலையில் என் உதவித்தொகைக்கு இரண்டு வருடம் முடிகிறது. அடுத்த கட்டத்துக்கு நீட்டிக்க வேண்டுமென்றால் மூன்று பேர் கொண்ட குழு முன்னால் வேலையைக் காட்ட வேண்டும். அவர்கள் போதாது என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான், மூட்டை கட்ட வேண்டியது. வீட்டில் அப்பா ஏற்கெனவே ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தார். எனக்குப் பள்ளிக்கூட வேலை மேல் வெறுப்பு இல்லை. ஆனால் இந்த மாடலை அரைகுறையாக விட்டுவிட்டுப் போவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

குழுவுக்குக் காட்ட என்னிடம் ஒரு அழகான அட்டவணை இருந்தது. தீனியிலிருந்து ஒவ்வொரு சத்தாக எடுத்துவிட்டால் பாக்டீரியா வளருமா என்று மாடலிடம் கேட்டது ஒரு பக்கம், டியூபில் பார்த்தது மறுபக்கம். எல்லா வரியும் பொருந்தியது, ஒன்றைத் தவிர. பயோட்டின் என்ற வைட்டமினை எடுத்துவிட்டாலும் பாக்டீரியா வளரும் என்றது மாடல். வளரவில்லை என்றது தோழியின் டியூப். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை செய்திருந்தாள். மூன்று நாளும் கரண்ட் போயிருந்தது.

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். மூன்று வரியையும் அடித்தேன். அந்த இடத்தில் முந்தைய வருடம் வேறு யாரோ அவசரத்தில் செய்து ‘வளர்ந்தது’ என்று எழுதிவிட்டுப் போன ஒரு பழைய முடிவைப் போட்டேன். அட்டவணை முழுக்கப் பொருந்திவிட்டது. என் வழிகாட்டியான சார் பார்த்துவிட்டு பலே என்றார். அரையாண்டு அறிக்கையில் அப்படியே ஏறிப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து தோழி நோட்டைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள் என் டப்பாவைத் தொடவில்லை. புதுச்சத்திரம் பக்கமிருந்து வந்த உப்புக் காற்றில் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்த நடத்துநர் சீட்டுக் கொடுத்துவிட்டு நகர்ந்ததும் என்னைப் பார்த்தாள்.

“அதே ஷேக்கர்ல பக்கத்து டியூப்பெல்லாம் வளந்துச்சே. அதுக்கு மட்டும் தனி லைன்ல கரண்ட் வந்துச்சா?”

சரியான கேள்வி. இதற்குப் பதில் இல்லை என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. பதில் இல்லாதபோதுதான் என் வாய்க்கு ஆவேசம் வரும்.

“டியூப்போட உன் வேலை முடிஞ்சுடுச்சு. கணக்கு என் வேலை. அத நான் பாத்துக்கறேன்” என்றேன்.

அவள் எழுந்து முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எம்.எஸ்சி.யில் என்னைவிட அதிக மார்க் வாங்கியவள். அண்ணன்கள் இருவரும் துபாயில் இருக்கிறார்கள், நீ வீட்டோடு இருந்து பார்த்துக்கொள் என்று வீட்டில் சொன்னதையும் மீறி, வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கும் அந்தச் சின்ன வேலையைப் பிடித்துக்கொண்டு லேபில் இருந்தவள். அவளிடம் போய் நான் இதைச் சொன்னேன். இன்றைக்கு எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

அதன் பிறகு அவள் வேறு பஸ்ஸில் வந்தாள். லேபில் தேவைக்கு மட்டும் பேசினாள். அதுவும் மரியாதையாக, நீங்க, வாங்க என்று. வைதிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

தப்பு அவள் கையில்தான் என்று நிரூபித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அடுத்த கட்டிடத்தில் ஒரு லேபுக்கு ஜெனரேட்டர் இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அங்கே ஷேக்கரில் இடம் வாங்கினேன். இனி யாரும் கரண்ட் மேல் பழி போட முடியாது. எல்லாச் சத்தும் கலந்த தீனியில் வளர்ந்த பாக்டீரியாவில் ஒரு சொட்டு எடுத்து, பயோட்டின் இல்லாத தீனியில் விட்டேன். மறுநாள் காலை டியூப் கலங்கி இருந்தது. வளர்ந்தால் டியூப் கலங்கும், வளராவிட்டால் குடிதண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். கலங்கிய டியூபைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக அவள் மேசைக்குப் போனேன். முகத்தில் வெற்றிப் புன்னகை வேறு.

அவள் டியூபை வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்தாள். இதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மறுபடி புதுத் தீனியில் விடுங்க, அதிலிருந்து மறுபடி ஒரு தடவை, மூணாவது டியூப்பைப் பாத்துட்டு வாங்க என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அவள் எப்போதும் மூன்று தடவை மாற்றித்தான் எடுப்பாள். லேபில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை, நேரம் ஜாஸ்தி ஆகும் என்று.

இரண்டாவது டியூப் லேசாகத்தான் கலங்கியது. மூன்றாவது கலங்கவே இல்லை. ஒரு நாள் விட்டுப் பார்த்தேன், இன்னொரு நாள் விட்டுப் பார்த்தேன். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் எழுத்தை அந்த டியூப் வழியாகப் படிக்க முடிந்தது. பக்கத்தில் பயோட்டின் போட்ட டியூப், அதே ஷேக்கரில், மோர் மாதிரி கலங்கி இருந்தது.

பழைய தீனியிலிருந்து வந்த செல்கள் வரும்போதே கொஞ்சம் பயோட்டினைச் சுமந்துகொண்டு வந்திருக்கின்றன. முதல் டியூபில் அதை வைத்துச் சமாளித்துவிட்டன. பெருகப் பெருகப் பங்கு குறைந்து, மூன்றாவதில் ஒன்றுமே இல்லாமல் நின்றுவிட்டன. போன வருடம் யாரோ எழுதிய ‘வளர்ந்தது’ என்பதும் இந்த முதல் டியூப் விவகாரம்தான்.

குழு வருவதற்குப் பத்து நாள் இருந்தது. மாடலைத் திறந்து உட்கார்ந்தேன். இரண்டு வருடம் கட்டிய வீட்டில் எந்தத் தூண் பொய் என்று நானே தேட வேண்டிய நிலை. கொழுப்பு செய்யும் வினையைப் பார்த்தேன். சவ்வு கட்ட கொழுப்பு வேண்டும், அதன் முதல் படிக்குப் பயோட்டின் இல்லாமல் முடியாது என்று கல்லூரிப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் என் சமன்பாட்டில் அதன் பெயரே இல்லை. ஏனென்றால் அந்த வினையில் பயோட்டின் செலவாவதில்லை. நொதியோடு ஒட்டிக்கொண்டு வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு அப்படியே இருக்கும். உள்ளே போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு என்று மட்டும் பார்க்கும் கணக்கில் அது கண்ணில் படாது.

சரி, கடைசிப் பட்டியலிலாவது இருக்கிறதா என்று பார்த்தேன். அங்கேயும் இல்லை. அந்தப் பட்டியல் நான் எழுதியதே இல்லை. உலகத்தில் எல்லாரும் அதிகமாக ஆராய்ந்த குடல் பாக்டீரியா ஒன்றுக்கு யாரோ போட்டது. ஆளாளுக்கு அதைத்தான் எடுத்து, அங்கே இங்கே தட்டி, தங்கள் பாக்டீரியாவுக்கு மாட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் மாட்டிக்கொண்டேன். எனக்குக் கிடைத்த வடிவத்தில் துளியளவு வேண்டிய வைட்டமின்களை விட்டிருந்தார்கள். புரதம் பாதிக்கு மேல் எடை இருக்கும் செல்லில் இந்தத் துளி எம்மாத்திரம் என்று நினைத்திருப்பார்கள் போல.

பட்டியலின் அடியில் பயோட்டினைச் சேர்த்தேன். அளவு எவ்வளவு என்று தெரியாததால் எத்தனையோ சைபருக்குப் பின்னால் ஒரு ஒன்று. தீனியில் பயோட்டின் இல்லாமல் மாடலை ஓடவிட்டேன். வளர்ச்சி: பூஜ்யம். பூஜ்யத்தைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மாடல் பொய் இல்லை, நான் கேட்காததை அது எப்படிச் சொல்லும்? எழுந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல நினைத்த ஒரே ஆள் எட்டடி தூரத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தைரியம் வரவில்லை.

சாரிடம் சொன்னேன். மனிதர் நல்லவர், ஆனால் பயந்த சுபாவம். அரையாண்டு அறிக்கையில் எல்லாம் பொருந்துகிறது என்று எழுதிவிட்டோமே என்று தலையைச் சொறிந்தார். புதுப் பட்டியலை மட்டும் காட்டு, பழைய கதையை ஏன் கிளறுகிறாய், மாடலை மேம்படுத்தினேன் என்று சொல்லிவிட்டால் போயிற்று என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அப்படிப் பட்டது என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. உதவித்தொகை போய்விடுமோ என்ற பயம். அப்படியே செய்வது என்று முடிவு செய்துகொண்டுதான் குழு வந்த அன்று பஸ் ஏறினேன்.

குழுவில் இரண்டு பேர் எங்கள் ஆட்கள், ஒருவர் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியை. குட்டையான உருவம், சன்னமான குரல், ஆனால் கேள்விகள் கத்தி. நான் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் கரண்ட் போனது. ப்ரொஜெக்டர் அணைந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு, சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனேன். பட்டியலை எழுதி, அடியில் பயோட்டின் என்றும் பக்கத்தில் ‘இது இல்லாமல் டியூபில் வளரவில்லை’ என்றும் எழுதினேன். தோழி தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தாள். குழு வந்தால் தேநீர் கொடுப்பது எங்கள் லேபில் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட் வேலை. அது என்ன நியாயம் என்று அதற்கு முன் நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

பேராசிரியை பலகையைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டார். வினையில் செலவாகாத ஒரு பொருள் என்கிறாய். செலவாகாததைச் சரக்குப் பட்டியலில் ஏன் எழுத வேண்டும்?

எனக்குப் பதில் தெரியும். பத்து நாளாக அதோடுதான் தூங்கி எழுந்தேன். ஆனால் வாய் திறக்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அந்த வாய் அடைத்துப் போயிற்று. நொதி, நீர்த்துப்போதல் என்று இரண்டு வார்த்தை உளறினேன். பேராசிரியை பேனாவை மூடிவைத்தார். சார் மின்விசிறியைப் பார்த்தார், அது ஓடவில்லை.

“குழம்பு வச்சா கரண்டி கரையாது மேடம்.”

தோழிதான். தட்டைக் கீழே வைக்காமலே சொன்னாள். அதுவரை அந்த அறையில் யாரும் தமிழ் பேசவில்லை.

“ஒரு வீட்டுக்கு ஒரு கரண்டி போதும், எத்தனை வருசம் வேணா சமைக்கலாம். ஆனா தம்பி பொண்டாட்டியோட தனிக்குடித்தனம் போனா அவுங்களுக்கு இன்னொரு கரண்டி வேணும்ல. செல்லு ஒண்ணு ரெண்டாவுது. சமையலுக்கு இல்ல மேடம், குடித்தனத்துக்குத்தான் அது பட்டியல்ல வரணும்.”

பேராசிரியை சிரித்துவிட்டார். அப்புறம் பலகையை மறுபடி பார்த்தார். அப்புறம் தோழியைப் பார்த்து, வளரவில்லை என்ற இந்தப் பரிசோதனையை யார் செய்தது என்று தமிழிலேயே கேட்டார். தோழி என்னைப் பார்க்கவில்லை. கோப்பையை எடுத்து மேசையில் வைத்தாள்.

‘நாங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாக்கு நுனியில் அதுதான் இருந்தது.

“இவுங்க செஞ்சாங்க மேடம். மூணு தடவை செஞ்சாங்க. மூணையும் நான்தான் கரண்ட் கட்டுன்னு அடிச்சேன். அரையாண்டு ரிப்போர்ட்ல இருக்கறது தப்பு.”

சார் கண்ணை மூடிக்கொண்டார். பேராசிரியை நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். அடித்த மூன்று வரியையும் நிதானமாகப் படித்தார். சிவப்புக் கோட்டுக்கு அடியில் தோழியின் கையெழுத்து குண்டு குண்டாக அப்படியே தெரிந்தது. இப்படி அடித்தது இன்னும் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். நிறைய இருக்கிறது என்றேன். எல்லாவற்றையும் மறுபடி திறந்து பாருங்கள், கடன் வாங்கிய பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு உங்கள் பாக்டீரியாவுக்கென்று ஒரு பட்டியல் எழுதுங்கள், இரண்டு வருடம் தருகிறோம் என்றார். அறிக்கையைத் திருத்தி அனுப்பச் சொன்னார். கட்டுரையாக வரும்போது இரண்டு பெயரும் முதல் வரியில் இருக்க வேண்டும் என்பதையும் எழுதியே வாங்கிக்கொண்டார்.

எல்லாரும் போனபின் தோழி பின்பக்கக் குழாயடியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று நானும் ஒன்றை எடுத்துக் கழுவினேன். பஸ்ஸில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். கோர்வையாக வரவில்லை, அழுகைதான் வந்தது. அவள் குழாயை மூடினாள்.

“நீ சொல்லுவேன்னு நான் நெனக்கவே இல்லப்பா” என்றாள்.

சொல்லி முடிக்கும்வரை நானும் நினைக்கவில்லை என்றேன். அவள் ஈரக் கையால் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். வலித்தது. எத்தனையோ நாளாக வராத நிம்மதி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் கணக்கை எனக்கும் சொல்லிக் குடு என்றாள்.

சொல்லிக்கொடுத்தேன். சிவப்புக் கோடு போட்ட வரிகளை இருவரும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஜெனரேட்டர் இருந்த லேபில் மறுபடி செய்து பார்த்தோம். பாதி உண்மையிலேயே கரண்ட் கட். மீதியில் இன்னொரு வைட்டமினும் ஒரு உலோகமும் பட்டியலுக்கு வந்து சேர்ந்தன. 2012-ல் ஒரு காலை நான் லேபுக்குள் நுழைந்தபோது அவள் என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். டியூப் எதுவும் இன்னும் வைக்கவில்லை, ஆனால் இந்த ஒரு மூலக்கூறு இல்லாவிட்டால் நம்முடையது வளராது என்று மாடல் சொல்கிறது, நீ போட்டுப் பார் என்றாள். எனக்குச் சந்தேகம்தான். வாயைத் திறக்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு போய் மூன்று தடவை மாற்றி எடுத்தேன். மூன்றாவது டியூப் தெளிவாக இருந்தது. அவள் சொன்னது சரி.